காலையில் ஒரு சுற்று, இரவில் ஒரு வரி

மாதம் பிறந்து இருபது நாள் ஆனதும் கையைக் கடிக்க ஆரம்பிக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலைக்குப் போகிற குடும்பம், ஆவடியில் டாங்க் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருக்கிற குடும்பம், பூந்தமல்லி பக்கம் வங்கிக் கடனில் ஃபிளாட் வாங்கிக் குடிவந்த குடும்பம் என்று யாரைக் கேட்டாலும் இதே புகார்தான். வாடகை, தவணை, பள்ளிக் கட்டணம் எல்லாம் கேட்ட தேதிக்குக் கொடுத்தே ஆகவேண்டியவை. நாம் நினைத்தால் தினமும் சீர்செய்யக்கூடிய செலவு ஒன்று உண்டென்றால் அது அடுப்பங்கரைச் செலவு. இந்த அத்தியாயம் அதைப் பற்றியது. என்ன சமைப்பது என்பதை வேறு அத்தியாயங்கள் சொல்லும். சமையலறையை நடத்துவது எப்படி என்பதை இங்கே பார்ப்போம்.

இந்த வித்தையை முதலில் முறையாகப் புத்தகமாக எழுதியவர்களில் ஒருவர் லண்டனில் இருந்த இளம்பெண் இசபெல்லா பீட்டன். விக்டோரியா மகாராணி காலம். கிராமத்தை விட்டு நகரத்துக்கு வந்து, அம்மா, மாமியார் யாரும் பக்கத்தில் இல்லாமல், அளவான சம்பளத்தில் தனிக்குடித்தனம் போட்ட குடும்பங்கள் அங்கே பெருகிக்கொண்டிருந்தன. அவர்களுக்காக அந்தப் புத்தகம் 1859 முதல் மாதம் ஒரு பகுதியாக வெளிவந்து, 1861இல் 1,100 பக்கத்துக்கு மேல் ஒரே நூலாக வந்தது. அப்போது அவருக்கு வயது 25. நான்கு ஆண்டு கழித்து, 28 வயதில், பிரசவத்தை ஒட்டி இறந்துபோனார். குறிப்புகள் பெரும்பாலும் அவருடைய சொந்தச் சரக்கு இல்லை. வாசகர்கள் அனுப்பியதும், பழைய புத்தகங்களிலிருந்து எடுத்ததும்தான். பெரிய கேரட்டை இரண்டு மணி நேரம்வரை வேகவைக்கச் சொல்லும் புத்தகத்திலிருந்து நாம் சமையல் கற்க வேண்டியதும் இல்லை. அவர் செய்த பெரிய காரியம் ஒழுங்கு. ஒவ்வொரு குறிப்பிலும் என்ன சாமான், எவ்வளவு, எவ்வளவு நேரம், எத்தனை பேருக்கு, என்ன செலவு, எந்தப் பருவத்தில் கிடைக்கும் என்று ஒரே வரிசையில் எழுதினார். வீட்டுக் கணக்கு நோட்டு கட்டாயம் வேண்டும், அன்றன்றைக்கு எழுத வேண்டும், மாதம் ஒருமுறை கூட்டிப் பார்க்க வேண்டும் என்றார். 160 ஆண்டுக்குப் பிறகும் இதில் ஒரு வரியை மாற்றத் தேவையில்லை.

நம் ஊருக்கும் அந்தக் காலத்துப் புத்தகம் ஒன்று உண்டு. 1859இல் மதராஸ் குதிரைப்படைக்கு வந்து சேர்ந்த ஆர்தர் கென்னி ஹெர்பர்ட் என்ற ராணுவ அதிகாரி, ‘வைவர்ன்’ என்ற புனைபெயரில் மதராஸ் பத்திரிகையில் சமையல் கட்டுரைகள் எழுதினார். அவை 1878இல் ஹிக்கின்பாதம்ஸ் வெளியீடாக, மதராஸுக்கான சமையல் குறிப்புகள் என்ற தலைப்போடு புத்தகமாயின. வீட்டுக்குப் பின்னால், தோட்டத்துக் கோடியில், புகை மண்டிய தனிக் கட்டடமாகச் சமையலறை இருந்த காலம். மேஜை இல்லை, வெளிச்சம் இல்லை, சாக்கடை வாசலிலேயே திறந்து கிடந்தது. எசமானி ஒரு நாளும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. சாப்பாடு கெட்டுப்போவதற்குச் சமையல்காரரைத் திட்டுவதைவிட முதலில் அந்த அறைக்குள் போய்ப் பாருங்கள் என்று அந்தப் புத்தகம் தன் வாசகர்களை விடாமல் இடித்துரைக்கிறது. மசாலாப் பொடியைக் கடையில் வாங்காமல் வீட்டிலேயே நிறைய அரைத்து, காற்றுப் புகாமல் அடைத்து வைக்கச் சொன்னதும் அவர்தான். அந்த இரண்டு யோசனையும் பொன்னான யோசனைகள்.

இந்தப் புத்தகங்களில் எடுக்கக் கூடாததும் இருக்கிறது. அதைக் கடைசிக்கு முந்தைய பகுதியில் சொல்கிறேன்.

நோட்டு

நாற்பது பக்க நோட்டு போதும். அதைச் சமையலறையிலேயே, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஆணியில் மாட்டி வையுங்கள். பேனாவையும் நூல் கட்டித் தொங்க விடுங்கள். கைபேசியில் எழுதலாமே என்று தோன்றும். மாவுக் கையோடு கைபேசியைத் தொட யாருக்கும் மனம் வராது; மேலும் வீட்டில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் இருந்தால்தான் எல்லோரும் எழுதுவார்கள்.

ஒரு நாளைக்கு ஒரு வரி. இடது ஓரம் தேதி. பிறகு வாங்கியது, அளவு, விலை. வலது ஓரம், பெரும்பாலான வீடுகளில் யாரும் எழுதாத ஒன்று: மிஞ்சியது. “சாம்பார் ஒரு கரண்டி, சோறு இரண்டு கப், கீரை பாதி.” ஒரு மாதம் இந்த ஓரத்தை எழுதிப் பாருங்கள். எந்தக் கிழமையில் எது தங்குகிறது என்று தானே தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை இரவு வீட்டுக்காரர் இரண்டாம் ஷிப்ட் முடித்துப் பத்தரைக்கு மேல் வந்து, பசியில்லை என்று மோர் குடித்துவிட்டுப் படுக்கிறார் என்றால் அன்று சோற்றைக் குறைக்க வேண்டியதுதான். இதை நோட்டு சொல்லும், நினைவு சொல்லாது.

அளவில் ஒரு வார்த்தை. பாட்டி, அம்மா வழியில் வந்த குறிப்புகள் படியிலும் ஆழாக்கிலும் பலத்திலும் இருக்கும். எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951இல் வந்தது. உறவுக்காரப் பெண்கள் கேட்டுக் கேட்டு, கடிதத்தில் குறிப்பு எழுதி அனுப்பிக்கொண்டிருந்தவரை, இதைப் புத்தகமாகவே போட்டுவிடு என்று ஊக்கியவர் அவருடைய உறவினர் கே.வி. கிருஷ்ணசாமி ஐயர். பீட்டன் லண்டன் பெண்களுக்குச் செய்ததை அந்த அம்மாள் நம் பெண்களுக்குச் செய்தார். அவருக்குக் கூடுதலாகச் சமைக்கவும் தெரியும். மெட்ரிக் அளவு நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தது அதற்குப் பிறகு, 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால். ஆகவே பழைய குறிப்பு எதையாவது பார்க்கும்போது ஆழாக்கை ஏறக்குறைய 200 மில்லி டம்ளர் என்றும், பலத்தை 35 கிராம் என்றும், ரூபாய் எடையை 12 கிராமுக்குச் சற்றுக் குறைவு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். எட்டு ஆழாக்கு ஒரு படி. உங்கள் வீட்டில் அரிசி அளக்கிற டம்ளர் எவ்வளவு பிடிக்கிறது என்பதை ஒருமுறை நிறுத்துப் பார்த்து, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். இனி அந்த டம்ளரை மாற்றக் கூடாது.

நாலு பேர், இரண்டு வேளை சோறு சாப்பிடுகிற வீட்டுக்குக் கீழே சொல்லும் கணக்கு சரியாக வரும். 26 கிலோ அரிசி மூட்டை ஐந்து வாரம் வர வேண்டும். (25 கிலோவரை அடைத்து விற்கும் அரிசிக்கு 2022 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும்தான் மூட்டை 26 கிலோவாக மாறியது.) மூன்றரை வாரத்தில் தீர்ந்தால், சோறு குப்பைக்குப் போகிறது என்று அர்த்தம். துவரம் பருப்பு சாம்பாருக்கு ஒரு நாளைக்கு 125 கிராம். மாதம் இருபது நாள் சாம்பார் என்றால் இரண்டரைக் கிலோ. ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோவை விடாமல் வாங்குங்கள், மீதி ஒன்றரைதான் வெளியில். எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர். உப்பு ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாலு பேருக்கு அது மாதம் 600 கிராம். ஊறுகாய், அப்பளம், மிக்சர் வழியாக வருவது தனி. ஆகவே ஒரு கிலோ உப்புப் பாக்கெட் முப்பது நாளுக்குள் காலியாகிற வீட்டில், பணத்தைவிட முதலில் ரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். நோட்டு என்றால் காசுக் கணக்கு மட்டும் என்று யாராவது சொன்னால் இந்த உப்புக் கணக்கைக் காட்டுங்கள்.

சிலிண்டர் மாற்றிய தேதியையும் அதே நோட்டில் எழுதுங்கள். 14.2 கிலோ சிலிண்டர் உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது என்பது மூன்று சிலிண்டரில் தெரிந்துவிடும். வழக்கத்தைவிட ஏழெட்டு நாள் முன்னால் தீர்ந்தால் பர்னரை அடைத்திருக்கும் கரியைச் சுத்தம் செய்யுங்கள், பாத்திரத்தின் அடி கறுக்கிறதா, சுடர் மஞ்சளாக எரிகிறதா என்று பாருங்கள், சோப்பு நுரையைக் குழாயில் தடவிக் குமிழ் வருகிறதா என்றும் பாருங்கள். குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியே ஆகவேண்டும்.

காலைச் சுற்று

விக்டோரியா காலத்துக் குடும்பத் தலைவி காலையில் சமையலறைக்கும் சாமான் அறைக்கும் ஒரு சுற்று வந்த பிறகே மற்ற வேலை தொடங்குவாள் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். நமக்கு அவ்வளவு நேரம் இல்லை. ஆறு மணி ஷிப்டுக்கு டிபன் பாக்ஸ் கட்டுகிற வீட்டில் ஐந்து மணிக்கே அடுப்பு எரியும். சுற்றுக்கு ஐந்து நிமிடம் போதும், ஆனால் ஒரு நாளும் விடக் கூடாது. வேலைக்குப் போகிற பெண்ணாக இருந்தால் அந்த ஐந்து நிமிடத்தைக் கணவர் எடுத்துக்கொள்ளட்டும். இதில் பெண் வேலை, ஆண் வேலை என்று எதுவும் இல்லை.

முதலில் ஃபிரிட்ஜ். நேற்று மிஞ்சியது எது, இன்று மதியத்துக்குள் எது தீர வேண்டும்? அதை முன்தட்டுக்குக் கொண்டு வாருங்கள். பின்னால் போன கிண்ணத்தை ஒரு வாரம் யாரும் பார்ப்பதில்லை. சோறு மிஞ்சினால் சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்து உள்ளே வைத்துவிடுங்கள், அல்லது அப்போதே தண்ணீர் ஊற்றிப் பழையதாக்கிவிடுங்கள். அடுப்பு மேடையில் இரவு முழுக்கக் கிடந்த சோற்றைக் காலையில் தாளித்து எலுமிச்சைச் சாதமாக்குவது பல வீடுகளில் வழக்கம். அதில் வளர்ந்துவிட்ட கிருமியின் நஞ்சு சூட்டில் போகாது. வெயில் கொளுத்துகிற நம் பக்கத்தில் இது வேண்டவே வேண்டாம்.

அடுத்தது காய்க்கூடை. கோயம்பேடு மார்க்கெட் 1996இல் வந்ததிலிருந்து மேற்குப் புறநகருக்குக் காய் அங்கிருந்துதான் வருகிறது. 2020 மே மாதம் கொரோனாவால் அது மூடப்பட்டு, சந்தை தற்காலிகமாகத் திருமழிசைக்குப் போனபோது பூந்தமல்லிக்காரர்களுக்குச் சில மாதம் மார்க்கெட்டே பக்கத்தில் வந்தது. நேரில் கோயம்பேடு போய் மொத்தமாக வாங்குவது லாபம் என்று நினைத்து ஐந்து கிலோ தக்காளியோடு வருகிறவர்கள் உண்டு. இரண்டு வீடு சேர்ந்து பிரித்துக்கொண்டால் அது லாபம். தனி வீட்டுக்கு வெங்காயம், உருளை, சேனை, பூண்டு, இஞ்சி இவற்றை மட்டும் மொத்தமாக வாங்கி, தக்காளி, கத்தரி, வெண்டை, கீரையை அம்பத்தூர் ஓ.டி. மார்க்கெட்டிலோ தெருவண்டியிலோ இரண்டு நாளுக்கு ஒருமுறை வாங்குவதே சரி. நோட்டில் வலது ஓரத்தில் ‘அழுகியது’ என்று இரண்டு முறை எழுதிய காயை அடுத்த மாதம் மொத்தமாக வாங்காதீர்கள்.

பால்: எத்தனை பாக்கெட், நீலமா பச்சையா என்பதை மாதம் ஒருமுறை மறுபடி யோசியுங்கள். ஆவினில் மாத அட்டை போட்டால் விலை குறைவு. அம்பத்தூரிலேயே ஆவின் பால் பண்ணை இருப்பதால் பாக்கெட் வருவதற்கு இங்கே தட்டுப்பாடு குறைவு. காபிக்கு நிலைப்படுத்திய பச்சைப் பாக்கெட், தயிருக்கு நீலப் பாக்கெட் என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் நன்றாக வரும், செலவும் இறங்கும்.

பிறகு டப்பாக்கள். அரிசி டப்பாவுக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். மேலே பார்த்தால் வண்டு தெரியாது. அரிசி மணிகள் இரண்டு மூன்று நூலாம்படை போல ஒட்டிக்கொண்டு வந்தால் புழு வைக்க ஆரம்பித்துவிட்டது. அன்றே முறத்தில் புடைத்து, நிழல் காய்ச்சலாக உலர்த்தி, உலர்ந்த வேப்பிலையோ வரமிளகாயோ போட்டு மறுபடி அடையுங்கள். கடும் வெயிலில் நெடுநேரம் போட்டால் அரிசி வெடித்து, சோறு குழையும். துவரம் பருப்பு கிலோவுக்கு ஒரு சின்னக் கரண்டி விளக்கெண்ணெய் விட்டுப் பிசிறி வைத்தால் ஆறு மாதம்வரை வண்டு அண்டாது. சமைக்குமுன் வெந்நீரில் அலசிவிடலாம். புளியைக் கொட்டை, கோது நீக்கி, கல்லுப்புத் தூவி ஜாடியில் அழுத்தி வையுங்கள். எவர்சில்வர் டப்பாவில் வைத்தால் நாளடைவில் அடி பொட்டுப் பொட்டாக அரித்துவிடும். புது அரிசி விலை குறைவாக இருந்தால் வாங்கலாம், ஆனால் தண்ணீரைக் குறைத்து வையுங்கள். செங்குன்றம் மண்டியில் ஒரு வருஷப் பழசு என்று சொல்லித் தருவது உண்மையிலேயே பழசா என்பது, சோறு பூத்து வருவதில் தெரிந்துவிடும்.

பொடி

வைவர்ன் சொன்ன யோசனையை நம் சாம்பார்ப் பொடிக்கு அப்படியே எடுக்கலாம். நாலு பேருக்கு இரண்டு மாதம் வரும் அளவு: தனியா அரைக் கிலோ, வரமிளகாய் கால் கிலோ, துவரம் பருப்பு 100 கிராம், கடலைப் பருப்பு 100 கிராம், மிளகு 50, சீரகம் 50, வெந்தயம் 25, விரலி மஞ்சள் 25. காரம் அதிகம் பிடிக்காத வீடு மிளகாயில் பாதியைக் காஷ்மீரி மிளகாயாக மாற்றிக்கொள்ளலாம். மாசியிலிருந்து வைகாசிவரை வெயில் நன்றாக இருக்கும். இரண்டு நாள் மொட்டைமாடியில் காயவைத்தால் மிளகாய் கையில் ஒடியும். ஐப்பசி, கார்த்திகையில் அரைக்க வேண்டி வந்தால் ஒவ்வொன்றாக வெறும் வாணலியில் சூடேற்றி எடுங்கள். வெந்தயம் மட்டும் சிவந்தால் போதும், கறுத்தால் பொடி முழுக்கக் கசக்கும்.

மில்லுக்குப் போனால் முன்னால் அரைத்தது என்ன என்று கேளுங்கள். கோதுமையோ கேழ்வரகோ என்றால் பரவாயில்லை. சீயக்காய் என்றால் வேறு ஒருவர் மிளகாய் கொண்டுவரும்வரை காத்திருங்கள். அரைத்து வந்த பொடி தொட முடியாத சூடாக இருக்கும். அதை அப்படியே டப்பாவில் போட்டு மூடிவிடுவதுதான் பலரும் செய்கிற பிழை. உள்ளே வியர்த்துக் கட்டி கட்டியாகும், மூன்றாம் வாரம் பூஞ்சை வாடை வரும். அகலமான பேப்பரிலோ துணியிலோ பரப்பி, முழுக்க ஆறிய பிறகு கண்ணாடிப் புட்டியில் அழுத்தி அடையுங்கள். தினமும் எடுப்பதற்கு அஞ்சறைப்பெட்டிக்குப் பத்து நாளைக்கானதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். பெரிய புட்டியை அடிக்கடி திறக்காவிட்டால் கடைசிக் கரண்டியும் முதல் நாள் மணம் மணக்கும். வீட்டு விருந்தாளிக்குக் குழம்பு மணத்தால் வாசலிலேயே தெரிய வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்; கடைப் பாக்கெட்டில் அது வராது.

தண்ணீர்

விக்டோரியா காலத்துக் குடும்ப நூல்கள் எல்லாவற்றிலும் தண்ணீர் பற்றிய பயம் இருக்கிறது, அந்தப் பயம் நியாயமானது. 1854இல் லண்டனில் ஒரே ஒரு அடிகுழாயிலிருந்து காலரா பரவியதை ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் காட்டினார். மதராஸ் பட்டணம் கிணற்று நீரைக் குடித்துக்கொண்டிருந்த நாளில், 1872இல் புழல் ஏரியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதுவும் திறந்த மண் கால்வாயில் கீழ்ப்பாக்கம்வரை. மணல் வடிகட்டிகள் 1914இல்தான் வந்தன. அந்தப் புழல் ஏரி அம்பத்தூருக்கு வடக்கே கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. செம்பரம்பாக்கம் பூந்தமல்லிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊருக்கே தண்ணீர் தருகிற இரண்டு ஏரிகளுக்கு நடுவே இருந்தும், 2019 கோடையில் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருந்தோம்.

ஆகவே நம் வீட்டில் பெரும்பாலும் மூன்று வகைத் தண்ணீர் இருக்கும்: குழாய் அல்லது லாரித் தண்ணீர், போர் தண்ணீர், கேன் தண்ணீர். எது எதற்கு என்று குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். பருப்பு வேகாமல் கிடக்கிறதே என்று பருப்பை மாற்றாதீர்கள். உப்புச்சத்துள்ள போர் தண்ணீரில் பருப்பு வேகாது. குழம்புக்கும் உலைக்கும் நல்ல தண்ணீர், பாத்திரத்துக்குப் போர் தண்ணீர், கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் ஒரு சொம்பு. கேன் வாங்கினால் மூடியின் சீல், நிரப்பிய தேதி இரண்டையும் பார்த்து வாங்கி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். சந்தேகம் வந்தால் கொதிக்கவிடுங்கள்: தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் விட்டால் கிருமி சாகும். சூடு காட்டி இறக்குவது கொதிக்கவைப்பது ஆகாது.

சம்ப்பை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இறைத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். அடுக்குமாடி என்றால் யார் பொறுப்பு, எந்தத் தேதி என்று சங்கக் கூட்டத்தில் எழுதி வாங்குங்கள். லாரித் தண்ணீர் நிரப்பினால் 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் புழங்குங்கள்.

வீட்டு வேலைக்கு வருகிறவர்

எடுக்கக் கூடாதது என்று முன்னால் சொன்னது இதுதான். பீட்டன் புத்தகத்தில் வருமானத்துக்கு ஏற்ற வேலையாட்கள் பட்டியல் இருக்கிறது: ஆண்டுக்கு ஆயிரம் பவுண்டு என்றால் ஐந்து பேர், 150, 200 என்றால் எல்லா வேலைக்கும் ஒரே பெண். அந்த ஒற்றைப் பெண்ணைப் பார்த்து அவரே பரிதாபப்படுகிறார். இந்தியாவுக்கு வந்த பிறகு அந்தப் பரிதாபமும் போய்விட்டது. ஃபுளோரா ஆனி ஸ்டீலும் கிரேஸ் கார்டினரும் சேர்ந்து 1880களின் இறுதியில் எழுதிய குடும்ப நிர்வாக நூல், இந்திய வேலையாளைக் குழந்தையாகவே நடத்தச் சொல்கிறது. சாமான் அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் வைத்து, அன்றன்றைக்கு அளந்து கொடுக்கச் சொல்கிறது. வைவர்ன் தன் புத்தகத்தில் மதராஸ் சமையல்காரர் எல்லோரையும் ‘ராமசாமி’ என்ற ஒரே பெயரால் அழைத்தார். அத்தனை மனிதர்களுக்கும் சொந்தப் பெயர் இருந்தது.

அந்தச் சாவி நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. தனி டம்ளர், பின்வாசல், ஃபிரிட்ஜைத் திறந்தால் ஒரு பார்வை என்று அது உருவம் மாறியிருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். நோட்டு எழுதுகிற வீட்டில் பூட்டுக்கு வேலையே இல்லை. எண்ணெய் எவ்வளவு போகிறது என்று தெரிந்த வீட்டில் யார் மேலும் சந்தேகம் வராது. உங்கள் வீட்டுக்கு வருகிறவரிடம் நோட்டைக் காட்டுங்கள். “அக்கா, சபீனா ரெண்டு நாளைக்குத்தான் வரும், எழுதிக்கோங்க” என்று அவர் சொன்னால், “சரிங்கக்கா, மாலை வாங்கிடறேன்” என்று நீங்கள் சொல்லி, அவர் கண்ணெதிரே எழுதுங்கள். அடுத்த முறை அவரே எழுதுவார்.

சம்பளத்தை நோட்டில் முதல் வரியாக எழுதி, மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் கொடுத்துவிடுங்கள். பால்காரருக்கும் கேன்காரருக்கும் தேதி தவறாமல் கொடுத்துவிட்டு இவருக்கு மட்டும் தள்ளிப்போடுவது தவறு. வாரம் ஒரு நாள் விடுப்பு, தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம், உடம்பு சரியில்லாத நாளுக்குப் பிடித்தம் இல்லை என்று வேலைக்கு வரும் முதல் நாளே பேசிவிடுங்கள். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007இல் நலவாரியம் அமைத்திருக்கிறார்கள். பதிவு செய்தால் பிள்ளைகள் படிப்பு, திருமணம், மகப்பேறு, ஓய்வூதியம் எனப் பல உதவிகள் உண்டு. விண்ணப்பத்துக்கு வேலை பார்க்கிற வீட்டின் சான்று தேவைப்பட்டால் தயங்காமல் கையெழுத்துப் போடுங்கள். ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து நீங்களே விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

ஐப்பசிக்கு முன்

புரட்டாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை மழைக்காலத் தயாரிப்புக்கென்று ஒதுக்குங்கள். 2015 டிசம்பரில் வீட்டுக்குள் தண்ணீர் வந்த கொரட்டூர், அம்பத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மறுபடி நினைவுபடுத்தியது. தரைத்தளத்தில் இருந்தால் அரிசி டப்பா, கிரைண்டர், மிக்சி எல்லாவற்றையும் மேடை உயரத்துக்கு ஏற்றுங்கள். ஃபிரிட்ஜை இரும்பு ஸ்டாண்டில் வையுங்கள். ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம், கணக்கு நோட்டு மூன்றும் ஒரே பிளாஸ்டிக் உறையில் பரண்மேல் போகட்டும்.

ஐந்து நாளைக்கு வெளியே போகாமல் சமைக்கிற அளவு சாமான் தனியாக ஒரு பெட்டியில் இருக்க வேண்டும்: அரிசி நாலு கிலோ, பாசிப் பருப்பு ஒரு கிலோ, ரவை, அவல், வேர்க்கடலை, வெல்லம், எண்ணெய் ஒரு லிட்டர், உப்பு, ஊறுகாய், பால் பவுடர், மெழுகுவத்தி, தீப்பெட்டி. பாசிப் பருப்பு சீக்கிரம் வேகும், கேஸ் மிச்சமாகும் என்பதால்தான் துவரைக்குப் பதில் அது. குடிநீர் ஆளுக்கு நாளைக்கு நாலு லிட்டர் வீதம், ஐந்து நாளைக்கு நாலு கேன். மின்சாரம் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் நாலு மணி நேரம் குளிர் தங்கும். அதன் பிறகு பால், சமைத்த பண்டம், மீன், கறி எதையும் நம்ப வேண்டாம். தோசை மாவு புளித்திருந்தாலும் பயன்படும். தை பிறந்ததும் பெட்டியைப் பிரித்து, உள்ளே இருப்பதை அந்த மாத மளிகையில் கழித்துக்கொண்டு, பெட்டியை வெயிலில் காயவைத்து எடுத்து வையுங்கள்.